பன்னிரண்டு வீட்டுக் கான்

கான் என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் காடு என்று பொருள் கூறும். எங்கள் மலைநாட்டிலோ கான் என்றால் நீர் ஓடும் பள்ளம். தேயிலை மலையில் வெட்டப்படுவதும் கான். லயத்தின் முன்னே அழுக்கு நீரைக் கொண்டு செல்வதும் கான். போர்த்துக்கேயரின் ‘கானோ’ என்ற சொல்லே சிங்களத்தில் ‘கானுவ’ என்றும் நம் பேச்சில் கான் என்றும் நிலைத்தது என்பர். சொல் எவ்வழி வந்ததாயினும், பழைய கானை அழித்துப் புதிய கானை வெட்டியதே இம்மலைகளின் வரலாறு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். முதலில் கோப்பிக்காகக் காடு வீழ்ந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தபின், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் வேர் பிடித்து வைத்திருந்த மண்ணை அதன்பின் பிடித்து வைக்க வேண்டியது கானின் பொறுப்பாயிற்று.

ஆகையால் தேயிலைக் கானைப் பற்றிச் சிறிது விரித்துக் கூற வேண்டும். அதைக் கண்ணாற் காணாதவர்கள் அது வெறும் பள்ளம் என்று எண்ணக் கூடும். அப்படியன்று. மலைச்சரிவின் குறுக்கே, சுமார் 120 அடிக்கு ஓரடி வீதம் மட்டுமே தாழ்ந்து செல்லுமாறு அது வெட்டப்படுகிறது. சரிவு கூடினால் நீர் விரைந்து மண்ணை அரித்துச் செல்லும்; குறைந்தால் தேங்கிக் கரையை உடைக்கும். கானின் உள்ளே சில அடிகளுக்கு ஒரு தடவை, கரையினும் தாழ்ந்த ஒரு மண் தடுப்பை வெட்டாமல் விட்டுச் செல்வார்கள். மழைநீர் அத்தடுப்பில் முட்டிச் சற்றே நிற்கும். அது சுமந்து வந்த வண்டல் அடியில் தங்கும். தெளிந்த நீர் தடுப்பைத் தாண்டி அடுத்த அறைக்கு வழியும். தங்கிய மண்ணை மீண்டும் வாரி மலையிலேயே போடுவார்கள். 1925இல் அமைக்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கெல்லாம் அளவுகள் வகுத்திருக்கின்றனர். அந்த அளவுகளை நூலிற் காணாமலே கையிற் கண்டவர்கள் கான் வெட்டுக்காரர்கள். இத்தனை அடிக்கு இவ்வளவு என்று கொந்தரப்புப் பேசி, மழைக்குமுன் வெட்டி முடிப்பார்கள். அவர்களுடைய வேலையைத் துரை வந்து தடியால் அளந்து பார்ப்பார்.

லயத்துக் கானை எந்தத் துரையும் தடியால் அளந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் இருந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்து லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமான நிலையிற் பேணுவது தோட்டத் துரையின் கடமை என்று விதித்தது. அந்த ‘ஓரளவு’ என்ற அடைமொழியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தேயிலைக் கானுக்கு 120இல் ஒன்று என்று அளவு; மனிதர் குடியிருக்கும் இடத்துக்கு ஓரளவு! 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிய பிறகே, தொழிலாளியின் காலடி மண் எத்தகையது என்பது அறிக்கைகளில் ஏறியது. ஆயினும் நடைமுறையில், லயத்துக் கானைக் காத்தவர் வாசல் கூட்டி எனப்பட்ட ஒரே மனிதர்தாம். அவர் விடியுமுன் வந்து வாசல்களைக் கூட்டி, கானில் விளக்குமாற்றை ஓட்டிவிட்டுப் போவார். அவ்வேலைக்கு எந்தச் சாதியாரை வைத்தார்கள் என்பதை மலைநாட்டவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை. எங்கள் லயத்தில் வாசல் கூட்டி என்ற பதவி எந்த ஆண்டு மறைந்தது என்று திட்டமாகச் சொல்ல எவராலும் இயலாது. ஒருவர் இளைப்பாறினார், அவருக்குப்பின் ஒருவரும் வரவில்லை. உள்ளூராட்சியும் துணைக்கு வருவதாயில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்த நிலையில், சபையின் பணத்தைத் தோட்டத்தினுள் செலவிட வழியில்லை என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்திலே அழகான ஒரு விதி உண்டு: மேட்டுக் காணியிலிருந்து இயல்பாக வழியும் மழைநீரைப் பள்ளத்துக் காணிக்காரர் ஏற்கத்தான் வேண்டும், ஆனால் மேட்டுக்காரர் தம் செய்கையால் அந்நீரின் பாரத்தைக் கூட்டக் கூடாது. நூற்றாண்டுகள் பல கடந்த நல்ல விதி. ஆனால் அவ்விதியை நாடுவதற்கு முதலில் ஒரு காணி வேண்டுமே! காம்பராவுக்கு உறுதி இல்லாதவன் எந்த மேட்டுக்காரன்மீது வழக்குரைப்பான்?

நான் பிறந்ததும் இன்று குடியிருப்பதும் டிக்கோயாவின் தோட்டம் ஒன்றிலே, சரிவை வெட்டிச் சமன் செய்த மேடையிற் கட்டிய பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயத்தில். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஒவ்வொரு காம்பராவும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் முன்னே, முதல் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடு வரை ஒரே கான். குடும்பம் பெருகப் பெருக, இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து அறையாக்கினோம். அறைக்கு முன்னே குசினி எழுந்தது. ஏழாம் வீட்டார் கானையும் தாண்டிக் குசினியை இழுத்து, கானின்மேல் சீமெந்துத் தட்டுப் போட்டு மூடிவிட்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஒரு காம்பராவில் எட்டுப் பேர். வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். குசினியை அவர்கள் எங்கே கட்டுவார்கள்?

சென்ற ஆண்டு வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. காசல்ரீப் பக்கமிருந்து வரும் அந்த மழையை அறிந்தவர்கள், அது பெய்வது என்று சொல்லமாட்டார்கள், இறங்குவது என்பார்கள். மூன்றாம் நாள் ஏழாம் வீட்டுத் தட்டின் கீழே கான் அடைபட்டது. இங்கு வாசகர்கள் நீரின் போக்கைச் சிறிது மனத்திற் கொள்ள வேண்டும். அடைப்புக்குக் கீழே இருந்த எட்டாம் வீடு முதலாகப் பன்னிரண்டாம் வீடு வரை, கான் காய்ந்து சுத்தமாயிற்று. மேலேயுள்ள முதல் நான்கு வீடுகளும் உயரத்தில் இருந்தபடியால் அவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஏழாம் வீட்டின் தளம் சீமெந்திட்டு உயர்த்தப்பட்டது. எஞ்சியவை ஐந்தும் ஆறும். பின்னோக்கி ஏறிய நீர் அவ்விரு இஸ்தோப்புகளிலும் புகுந்தது. அரிசி களைந்த நீர், சவர்க்கார நுரை, சாம்பல், தேயிலைச் சக்கை, கோழியிறகு எல்லாம் கலந்த கருநீர். ஆறாம் வீட்டு அக்காள் இராமுழுவதும் சட்டியால் அள்ளி வெளியே ஊற்றுவார்; ஊற்றிய இடத்திலிருந்து அது திரும்பி வரும். காலையில் அவர் கொழுந்தெடுக்கப் போக வேண்டும்.

தோட்டத்துக் காரியாலயத்திற் கேட்டபோது, கானை மூடியவர்களே திறக்க வேண்டும் என்றார்கள். ஏழாம் வீட்டாரோ, “எங்க தட்டு போட்டு ஒம்பது வருசம் ஆச்சு, அப்ப அடைக்காதது இப்ப எப்படி அடைக்கும்? மேலேருந்து குப்பையைத் தள்ளுறவங்களைக் கேளுங்க” என்றனர். மேல்வீட்டார் தங்கள் வாசலைக் காட்டி, இங்கே அடைப்பு எங்கே என்றனர். கீழ்வீட்டார் பேச்சிலேயே கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவர் சொன்னதிலும் பொய் இல்லை என்பதுதான் இவ்வழக்கின் சிக்கல். பன்னிரண்டு வீட்டார் உண்டாக்கிய அடைப்பு இரண்டு வீட்டாரின் துயரமாக நின்றது. ஐந்தாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் சம்பந்தம் பேசி வைத்திருந்த ஒரு கலியாணம், ஆனி மாதத்துக்குள் பேச்சற்றுப் போயிற்று.

ஆறாம் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது அதற்குப் பிறகு. டிக்கோயா வைத்தியசாலையில் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தது. அக்காலத்தில் நான் என் மாணவர்களுக்கு இலண்டனின் புரோட் வீதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1854இல் அவ்வீதியில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஜோன் சினோ என்ற மருத்துவர் நோயைத் தெருக்குழாய்க் கிணற்றோடு தொடர்புபடுத்தினார். அக்கிணற்றில் நஞ்சு கலந்தது எப்படி என்று அலைந்து கண்டவர் ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார். கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி. அதன் செங்கற்சுவர் நைந்திருந்தது. அவ்வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணியை அலசிய நீரை அக்குழியில் ஊற்றியிருந்தாள் தாய். அவள் அறிந்து செய்தது ஒன்றுமில்லை. கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “எங்க கான் மாதிரியா சேர்?” என்று கேட்டான். அவன் எட்டாம் வீட்டுப் பையன்.

எங்கள் லயத்தின் பத்தாம் வீட்டில் ஒரு முதியவர் இருக்கிறார். நாற்பது ஆண்டு மலையிலே கான் வெட்டியவர், எல்லாருக்கும் தாத்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று வெறித்த வேளையில், இளைஞர் சிலர் நீண்ட மூங்கிலைக் கொண்டு தட்டின் மேற்புறத்திலிருந்து குத்திக்கொண்டிருந்தனர். தாத்தா வந்து பார்த்தார்.

“மேலேருந்து குத்தாதே தம்பி. குத்தக் குத்த இறுகும். கானைத் தொறக்கிறதுன்னா கடைசியிலேருந்துதான் தொறக்கணும்.”

“கடைசியிலே அடைப்பு இல்லையே, தாத்தா?”

“இல்லேன்னு யார் பார்த்தது? வா, பார்ப்போம்.”

பன்னிரண்டாம் வீட்டைத் தாண்டி, கான் ஓடையில் விழும் வாய்க்குப் போனோம். வாய் இருந்த இடத்தில் கோரைப்புல் வளர்ந்திருந்தது. அடைபட்ட காலத்தில் நீர் வராமையால், கரை சரிந்து பாதிக் கானை மூடிவிட்டிருந்தது. தேங்கி நின்ற அத்தனை கருநீரையும் ஏழாம் வீட்டில் அன்றைக்கே திறந்துவிட்டிருந்தால், அது ஓடைக்குப் போயிராது. ஒன்பதாம், பத்தாம் வீட்டு வாசல்களில் ஏறியிருக்கும். கீழ்வீட்டார் இத்தனை நாளாக வாய் திறவாதிருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. அவர்கள் அஞ்சியிருக்கிறார்கள். “திறந்துவிட்டா எங்க வீட்டுக்குள்ளதானே வரும், மாஸ்டர்?” என்று பன்னிரண்டாம் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். நியாயமான அச்சம். அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு மாதத்துச் சண்டை மிஞ்சியிருக்கும்.

ஆகவே வேலை கடைசியிலிருந்து தொடங்கியது. மண்வெட்டி, அலவாங்கு, சுரண்டி எல்லாம் சேர்ந்தன. சேராதது ஒன்றுதான்: கானுக்குள் இறங்கும் கால். கரையில் நின்று மண்ணைச் சரிக்க எல்லாரும் இருந்தார்கள். கருநீரில் இறங்க வேண்டிய இடம் வந்தபோது, ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே பலருடைய பார்வை பதினோராம் வீட்டின் பக்கம் திரும்பியது. அவ்வீட்டுப் பாட்டனார்தாம் பழைய வாசல் கூட்டி. அவருடைய பேரன் கொழும்பிலே கடையொன்றிற் கணக்கு எழுதுகிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த அவனுடைய பாட்டி உரக்கக் கேட்டார்:

“எல்லாரும் எங்க வீட்டுப் பக்கம் என்னாத்துக்குப் பார்க்கிறீங்க?”

இலக்கிய அன்பர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அழுக்கு நீர்க்கால் நம் நூல்களுக்குப் புதிதன்று. அங்கணம் என்ற சொல்லை வள்ளுவர் உவமைக்கு எடுத்தாண்டார். பரிபாடற் புலவர் ஒருவர், மதுரை மதிலின் சுருங்கை வழியே நீர் பாய்வதை யானை துதிக்கையால் நீர் சொரிவதற்கு ஒப்பிட்டார். சுருங்கையை வருணித்தவர் உண்டு. அதற்குள் இறங்கித் தூர் வாரியவனைப் பாடிய செய்யுளை நான் படித்தவற்றுள் இதுவரை கண்டதில்லை.

பாட்டியின் கேள்விக்கு எவரும் விடை கூறவில்லை. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். “மலையிலே நாப்பது வருசம் கான்லதானே நின்னேன், இங்கே நிக்கிறதுக்கு என்னா?” என்றார். அடுத்து இறங்கியவர் ஆறாம் வீட்டு அக்காள். ஒரு பெண் இறங்கியபின் ஆடவர் கரையில் நிற்பது கடினம். ஐந்தாம் வீட்டு இளைஞர் இருவரும் இறங்கினர். பதினோராம் வீட்டுப் பேரன் இறங்கவில்லை. இறங்கும்படி அவனை எவரும் கேட்கவுமில்லை. அவன் வீட்டிலிருந்து எல்லாருக்கும் தேநீர் வந்தது, எல்லாரும் குடித்தார்கள். குடித்தார்கள் என்பதை நான் எழுத வேண்டியிருப்பதே எங்கள் லயத்தைப் பற்றி ஒரு செய்தி.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏழாம் வீட்டை அடைந்தோம். குசினியை உடைக்கச் சொல்வார்கள் என்று எண்ணி அவ்வீட்டுக்காரர் கதவடியிலேயே நின்றார். தாத்தா தட்டின்மேல் அலவாங்கால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. “முழுசா உடைக்க வேணாம். இங்கே ஒரு சதுரம், அந்த முனையிலே ஒரு சதுரம். மூடி செஞ்சு போட்டுக்கோங்க; மாசத்துக்கு ஒருக்கா தூக்கிப் பார்க்கலாம்” என்றார். உள்ளே, கான் சிறிது வளையும் இடத்தில் உரப்பை ஒன்று கிழிந்து குறுக்கே கிடந்தது. அதன்மேல் கொழுப்பும் சாம்பலும் படிந்து, தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர் அரித்து வந்த செம்மண்ணும் சேர்ந்து, வெட்டி எடுக்க வேண்டிய கட்டியாகியிருந்தது. பை யார் வீட்டினது என்று ஒருவர் கேட்கத் தொடங்கினார். தாத்தா அதைச் சுருட்டிக் குப்பையோடு எறிந்துவிட்டார்.

அவர் செய்த முக்கியமான காரியம் அதற்குப் பிறகு வந்தது. தட்டுக்கு மேற்புறத்தில், ஆறாம் வீட்டு வாசலிலே, இரண்டடி ஆழத்தில் ஒரு வண்டற்குழி வேண்டும் என்றார். மலைக்கானின் தடுப்பு முறையேதான்: நீர் நிற்கட்டும், மண் இறங்கட்டும், பிறகு நீர் மட்டும் தட்டுக்கடியிற் போகட்டும். மொகெஞ்சதாரோவின் செங்கற் கான்களிலும் இத்தகைய குழிகள் இருந்தன என்று அகழ்வாய்வு செய்தவர்கள் எழுதியிருக்கின்றனர். தாத்தா அதைக் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனால் குழி வருவது ஆறாம் வீட்டாரின் இடத்தில். ஒரு மாதமாகக் கருநீரை அள்ளியவர்களே தங்கள் வாசலையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? அக்காள் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “குழியை வாருறது யாரு?” என்று கேட்டார். அதுவே கேட்கத்தக்க ஒரே கேள்வி. அன்றிரவு பன்னிரண்டு வீட்டாரும் கூடி, வாரத்துக்கு ஒரு வீடாக முறை வைத்தனர். முதல் முறை யாருக்கு என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. முடிவில் எண் வரிசைப்படி, ஒன்றாம் வீட்டிலிருந்து. சீமெந்துக்கு ஒன்றாம் வீட்டாரும் பன்னிரண்டாம் வீட்டாரும் ஒரே தொகை கொடுத்தார்கள். அது நீதியா என்று கேட்டால், கணக்குப்படி அன்று. மேலே இருப்பவனின் நீர் பதினொரு வாசலைக் கடக்கிறது, கடைசியில் இருப்பவனுடையது ஒன்றையும் கடப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்திருந்தால் சீமெந்து வந்திராது.

கம்பனிக்கும் பிரதேச சபைக்கும் நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு கையொப்பங்கள் அதில் உள்ளன. லயங்களுக்குப் பதிலாகத் தனித்தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. இந்திய உதவியோடும் அவ்வாறு எழுந்தவை பல. எங்களுக்கும் ஒருநாள் அது கிட்டலாம். அங்கும் மலை சரிவாகத்தான் இருக்கும். ஒருவர் வீட்டுக்கு மேலே இன்னொருவர் வீடு இருக்கும். கானை வரைபடத்திலேயே போட்டு, அதன் பராமரிப்பு யாருக்கு என்று உறுதிப்பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்பது அவ்விண்ணப்பத்தின் கடைசிக் கோரிக்கை.

கான் திறந்த அன்று மாலை நீர் போன போக்கை நாங்கள் நின்று பார்த்தோம். அது எங்கள் ஓடையில் விழுகிறது. ஓடை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து கெகெல்கமு ஓயாவாக நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கி, லக்ஷபானைப் பகுதியின் மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, களனி கங்கையிற் கலந்து, அம்பத்தளையில் கொழும்பு மாநகரின் குடிநீருக்காக அள்ளப்படுகிறது. பதினோராம் வீட்டுப் பேரன் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் குடிப்பது அந்த நீர்தான்.

கொழும்பு தொலைவில் இருக்கிறது. அதற்கு முன்னே, எங்களுக்கு இருநூறு அடி கீழே, பணிய லயம் இருக்கிறது. கானைத் திறக்கப் போவதாக முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். பீலிக்கரையில் அன்று எவரும் குளிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பாதைக்கடியிற் செல்லும் சிறிய மதகு, ஒரு மாதத்து நீரை ஒரே மாலையில் வாங்க மாட்டாது திணறியது. மறுநாட் காலை பெரட்டுக்கு முன்பே அங்கிருந்து இருவர் மேலே வந்து, “தாத்தா இருக்காரா?” என்று கேட்டார்கள். தாத்தா அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களோடு இறங்கிப் போனார். ஏழாம் வீட்டுக்காரரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடப் போனார்.